தட்டழைப்பு

துணி துவைக்கும் அறைக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தி, முதுகை அதன்மேல் அழுத்திக்கொண்டு நின்றாள் டெல்பின். உள்ளே நாலு மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்காகத்தான் அவள் ஸ்டெனிட்டாவை இங்கே வரச் சொல்லியிருந்தாள்.

"ஏட்டி, என்னத்துக்குப் பேயறஞ்ச மாதிரி நிக்க?" என்றாள் ஸ்டெனிட்டா. டெல்பினுக்குப் பெரியம்மா மகள். அழுக்கு மூட்டையின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். "எவனையாச்சும் லவ்வு பண்ணித் தொலச்சிட்டியா?"

"ஒரு பையன்..."

"அதான பாத்தேன். ஒன் மூஞ்சியே சரியில்ல ரெண்டு நாளா. யாரு, அந்த நெட்டையனா?"

"ஸ்டெனி, அவன் எங்கூடப் பொறந்தவன்."

ஸ்டெனிட்டா சிரித்தாள். பிறகு டெல்பினின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். ரொட்டியை மெல்லுவது நின்றது.

"கோட்டிக்காரி மாதிரி பேசாத. ஒங்கூடப் பொறந்தவன் தொம்மை. அவன் அன்னைக்கே கடல்ல..."

"போகல. உசுரோட இருக்கான். இன்னைக்கு என் பக்கத்துல உக்காந்து பென்சிலக் கடிச்சிக்கிட்டு இருந்தான்."

மேலே சின்ன ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. மணி மூன்றுகூட ஆகவில்லை. வடகோடியிலிருந்த ஹெல்மார் ஊரில் மார்கழி முழுக்க அப்படித்தான். பள்ளிக்கூடம் போனாலும் இருட்டு, வந்தாலும் இருட்டு. தூத்துக்குடிக்குத் தெற்கே கடல் ஊருக்குள் வந்து திரும்பிப் போகாமல் இருந்துவிட்ட வருஷம், ஒரே கப்பலில் ஏறி இந்தக் குளிர்நாட்டுக்கு வந்தவர்கள் இவர்கள். அறுபது குடும்பம். டெல்பினுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. வெயில் என்றால் என்னவென்று அவளுக்குப் படத்தில்தான் தெரியும்.

"எப்படித் தெரியும் ஒனக்கு? அவனா சொன்னான்?"

"பள்ளிக்கூடத்துல பன்மை வாரம் நடக்குல்லா, எல்லா நாட்டுப் பிள்ளையளும் கூடிப் பழகணும்னு. விண்டால் ஊர்லேர்ந்து ஒரு ஸ்கூல கூட்டிட்டு வந்திருக்காவ, எப்பவும் போல. இந்த வருஷம் புதுசா ஒரு விளையாட்டு. 'நாம எல்லாரும் ஒரே குடும்பம்'னு பேரு. ரெண்டு பேரு எச்சிய ஒரு மெஷின்ல வைக்கணும். ரெண்டு பேருக்கும் பொதுவான பாட்டன் பூட்டன் எத்தனை தலைமுறைக்கு முன்னால இருந்தாவன்னு திரையில வரும். டீச்சருக்கும் சோமாலியாக்காரப் பையனுக்கும் வச்சாவ. ஆயிரத்துச் சொச்சம் தலைமுறைன்னு வந்துச்சு. எல்லாரும் கைதட்டுனாவ. பெறகு என்னையும் விண்டால் பையன் ஒருத்தனையும் ஜோடி சேத்துவிட்டாவ. லென்னார்ட்டுன்னு பேரு."

"ஒனக்கு எத்தன வந்துச்சு?"

"ஒண்ணு."

"நூத்தியொண்ணா?"

"ஒண்ணுட்டி. வெறும் ஒண்ணு. அதுக்குக் கீழ எழுதி வருது, ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே பேறுன்னு."

ஒரு மெஷின் சுற்றி முடித்துக் கூவியது. இரண்டு பேருமே துள்ளி விழுந்தார்கள். ஸ்டெனிட்டா எட்டி அதை அமர்த்தினாள்.

"மெஷின் கோளாறா இருக்கும்ட்டி."

"டீச்சரும் அப்படித்தான் சொன்னாவ. சிரிச்சிக்கிட்டே திரையத் தொடச்சாவ. ஆனா எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்தாவ. எல்லாரும் சாப்பிடப் போனப்பெறவு நானும் அவனும் திருட்டுத்தனமா இன்னொரு வாட்டி வச்சுப் பாத்தோம். அதேதான். அவன் என்னைவிடக் கருப்பு ஸ்டெனி. கடல்ல வந்த பிள்ளை, தாய் தகப்பன் இல்லன்னு சொல்லித்தான் அங்கன ஒரு வீட்டுல வளக்கக் குடுத்திருக்காவளாம்."

ஸ்டெனிட்டா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்தக் கதை அவர்கள் குடியிருப்பில் தெரியாதவர்கள் கிடையாது. கப்பலில் காய்ச்சல் பரவியது. டெல்பினின் அப்பா வழியிலேயே போய்விட்டார். கரை தெரிந்ததும், காய்ச்சல் கண்ட குழந்தைகளை மட்டும் இரண்டு ஆஸ்பத்திரிப் படகுகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரட்டையில் பெண்ணுக்குக் காய்ச்சல் இல்லை. அம்மா விசேந்தியின் இடுப்பிலேயே இருந்தாள். பையனுக்கு இருந்தது. ஒரு படகு வந்து சேர்ந்தது. மழையும் இருட்டுமாகக் கிடந்த அந்த நேரத்தில் இன்னொன்று எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

விசேந்தி படகுத்துறையின் விளிம்பில் போய் நின்றாள். கப்பலில் சோறு வாங்கித் தின்ற தகரத் தட்டு கையில் இருந்தது. திசை தெரியாத வள்ளத்துக்குக் கரையிலிருந்து தட்டை அடிப்பார்கள் அவர்கள் ஊரில். சத்தத்தை வைத்துக் கரையேறி வந்துவிடுவார்கள். அவள் அடித்தாள். மகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். விடியும்வரைக்கும் அடித்தாள். இந்த ஊரில் விடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. புதுவரவுத் துறையைச் சேர்ந்த ஒரு பெண் அதிகாரி தன் காரிலிருந்து இறங்கி அதைப் படம் பிடித்தாள். வந்தவர்கள் எல்லார் கையிலும் காய்ச்சல் பார்க்க ஒரு பட்டை மாட்டியிருந்தார்கள். விசேந்தியின் நெஞ்சு அன்றைக்கு அடித்த அடியெல்லாம் அந்தப் பட்டையில் பதிவாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த நாட்டில் புதுவரவுச் சட்டம் வந்திருந்தது. உலகமே மெச்சிய சட்டம். வந்தவர்களைக் கரைத்துவிட மாட்டோம். தனக்கென்று ஒரு வழக்கம் உள்ள கூட்டம் ஒரே இடத்தில் சேர்ந்து வாழலாம், வீடும் பள்ளிக்கூடமும் அரசாங்கம் தரும். அப்படி ஒரு வழக்கம் இல்லாதவர்களை ஊருக்கு ஒரு குடும்பமாகப் பிரித்து நாடு முழுக்க அனுப்பிவிடுவார்கள். நல்ல எண்ணத்தோடுதான்.

விசேந்தியின் அண்ணன் காஸ்பர், சங்கத்துக்குச் செயலாளராகி, மாதா கோயில் திருவிழாவையும் சப்பரத்தையும் தங்கள் வழக்கமென்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். "மாதா எங்களுக்கும் உண்டே" என்றார்கள். கருவாட்டுக் குழம்பைச் சொன்னார். முகத்தைச் சுளித்தார்கள். கடைசியில் அந்தப் பெண் அதிகாரி தான் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினாள். "இது என்ன? இவ்வளவு அழகாக இருக்கிறதே? உங்கள் வழக்கமா?" என்று கேட்டாள். காஸ்பர் திரையில் தன் தங்கையைப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அறுபது குடும்பத்தையும் பார்த்தார். "ஆமா" என்றார். விசேந்தி அன்றைக்குக் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். தன் துக்கம் திருவிழாவாகிவிட்டது எழுந்து உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அது முதல் வருஷா வருஷம் தட்டழைப்பு. காசு கொடுத்து ஆட்களை ஆடவைத்து ஏமாற்றிய கூட்டங்களும் இருந்ததால் துறை ஒரு கருவியைக் கொண்டுவந்தது. மெய்மானி. விழா நாளில் தட்டடிக்கிற பெண்கள் எல்லாரும் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். விசேந்தியின் முதல் நாள் பதிவோடு அவர்கள் நெஞ்சு ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். ஒரே ஒரு பச்சை விழுந்தால் போதும், வழக்கம் உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருஷமும் ஒரே ஒரு பச்சைதான் விழுந்தது, விசேந்திக்கு.

"நாளைக்கு விழா" என்றாள் ஸ்டெனிட்டா மெல்ல. இப்போதுதான் அவளுக்கு முழுசும் உறைத்தது. "சித்திட்ட சொல்லிட்டியா?"

"எப்படிச் சொல்லுவேன்? பிள்ள கெடச்சிட்டான்னு தெரிஞ்சா அம்மா சந்தோசத்துல குதிப்பா. தட்டு அடிக்கைல மஞ்சள்தான் விழும். நாளன்னைக்கே நம்மளப் பிரிச்சு ஏத்திட்டுப் போக லாரி வந்து நிக்கும்."

"அப்ப விழா முடியட்டும். முடிஞ்சப்பெறவு சொல்லு."

"அடுத்த வருசம்?"

ஸ்டெனிட்டா தின்று மீந்த ரொட்டியை மூட்டையின்மேல் வைத்தாள்.

"இன்னொன்னு இருக்கு" என்றாள் டெல்பின். "அவனுக்கு எல்லாம் தெரியும். நாந்தான் சொன்னேன். வாய் சும்மா கெடக்கல. 'தட்டடிக்கிற அந்தம்மாவா என் அம்மா'ன்னு கேட்டுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டான். பத்து வயசுலேர்ந்து அவன் இங்க வாரானாம்ட்டி. வருசா வருசம் இவ்வொ ஸ்கூலத்தான் கூப்பிடுறாவளாம், முன் வரிசையில நிறுத்துறாவளாம். அம்மா கத்துறப்ப அவனுக்குக் காதப் பொத்திக்கிடணும் போல இருக்குமாம். ஏன்னு தெரியாம இருந்திருக்கான்."

"நாளைக்கு அவன் வந்து..."

"மெய்மானி விசயத்தையும் சொல்லிட்டேன். 'நான் பதில் சொன்னா ஒங்க எல்லாருக்கும் வீடு போயிருமா'ன்னு கேட்டான். ஆமான்னேன். பெறகு போயி பஸ்ல ஏறிட்டான். அவன் என்ன செய்வான்னு தெரியல ஸ்டெனி. வாயத் தொறந்தான்னா நாம போச்சு. தொறக்கலன்னா அம்மா போச்சு."

ஸ்டெனிட்டா எழுந்துவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் படகுத்துறையில் கூட்டமான கூட்டம். தட்டு விற்கும் கடைகள் மட்டுமே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு. படம் அச்சடித்த தட்டு, குழந்தைகளுக்குச் சின்னத் தட்டு. கம்பளித் தொப்பி போட்ட ஹெல்மார்க்காரப் பெண்கள் ஆளுக்கு ஒன்று வாங்கித் தாளம் தப்பி அடித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மந்திரி சார்பில் வந்தவர் மேடையேறி, மனித இதயத்தின் மிகப் பழைய ஓசை இது என்று பேசினார். காஸ்பர் மாமா கோட்டுக்கு மேல் சரிகைத் துண்டு போட்டுக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார்.

"டெல்பின், பட்டைய இறுக்கிக் கட்டு. போன வருசம் ஒனக்கு மஞ்சள்கூட ஒழுங்கா எரியல. தூங்கிட்டியான்னு கேட்டானுவ."

"சரி மாமா."

கயிற்றுக்கு அந்தப் பக்கம், முன் வரிசையில், விண்டால் பள்ளிக்கூடம். அவன் இருந்தான். கோட்டின் தலைமூடியைப் பின்னால் தள்ளிவிட்டு, கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றான்.

விசேந்தி மட்டும் இந்தக் கூட்டத்துக்குச் சம்பந்தமில்லாதவள் போல வந்தாள். மீன் பதப்படுத்தும் கூடத்தில் போடுகிற அதே ரப்பர் பூட்ஸ். கையில் அந்தப் பழைய தகரத் தட்டு. துறையின் விளிம்பில் போய் நின்றாள். அவள் கடலைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். படத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவள் கொஞ்சம் சாய்ந்து, கூட்டமும் கண்ணில் படும்படி நிற்கிறாள் என்பதை டெல்பின் அன்றைக்குத்தான் கவனித்தாள்.

முதல் அடி விழுந்தது.

"ஏலே தொம்மை! கரை இங்கன இருக்குலே! வாலே மக்கா!"

பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் அடித்தார்கள். டெல்பினும் அடித்தாள். கை அதுபாட்டுக்கு அடித்தது. கண் முழுக்க அவன்மேல்.

"ஏலே தொம்மை!"

அவன் ஓரடி எடுத்துவைத்தான். கயிறு அவன் வயிற்றில் முட்டியது. பக்கத்தில் நின்ற வாத்தியார் தோளைத் தொட்டார், அவன் உதறிவிட்டான். வாய் திறந்தது. டெல்பினுக்குக் காது அடைத்துவிட்டது. அவன் வாயிலிருந்து வெண்ணிற மூச்சு புகையாக வந்தது. அதோடு சத்தம் வந்ததா இல்லையா என்று ஒரு கணம் அவளுக்குத் தெரியவில்லை.

வரவில்லை. அவன் குடியிருப்பைப் பார்த்தான். பால்கனிகளில் துணி காய்ந்தது. ஒரு குழந்தை கம்பிக்கு நடுவில் தலையை நீட்டிக்கொண்டு தட்டை அடித்தது. பிறகு அவன் டெல்பினைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டவில்லை, அசைக்கவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியாது.

அவன் வாயை மூடிக்கொண்டான். தலைமூடியை இழுத்து முகத்தின்மேல் விட்டுக்கொண்டு வரிசைக்குத் திரும்பிப் போனான்.

விசேந்தியின் கை ஒரே ஒரு தாளம் தப்பியது. அதற்குப் பிறகு அவள் கூப்பிட்ட கூப்பாடு இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டிராதது. தட்டை அடித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ஹெல்மார்ப் பெண்கள் அதைக் கீழே இறக்கினார்கள். மேடையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

பெரிய திரையில் பச்சை விழுந்தது. கூட்டம் கைதட்டியது.

வீட்டுக்கு வந்ததும் விசேந்தி நேராக அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து தட்டைக் கழுவினாள். உப்புக்காற்று பட்டால் துருப்பிடிக்கும் என்று விழா முடிந்த கையோடு எப்போதும் கழுவி, துடைத்து, துணியில் சுற்றி வைப்பாள். டெல்பின் வாசலில் நின்றாள். பட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. எப்படித் தொடங்குவது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். அம்மா, ஒரு விசயம். அம்மா, நீ பதறக் கூடாது.

"அம்மா..."

"அவன்ட்ட சொல்லிட்டியாட்டி?" என்றாள் விசேந்தி, திரும்பிப் பார்க்காமல்.

டெல்பின் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்ட்ட?"

"தொம்மைட்ட. இத்தன வருசமும் பராக்குப் பாத்துக்கிட்டு நிப்பான். இன்னைக்கு என்னைப் பாத்த பார்வ வேற. நீதான் சொல்லியிருக்கணும். நீயும் அவனவிட்டுக் கண்ண எடுக்கல."

"ஒனக்கு... ஒனக்குத் தெரியுமா?"

விசேந்தி குழாயை மூடினாள். "ஆறு வருசமா தெரியும். புதுவரவு ஆபீஸ்ல இருந்த ஒரு பொம்பள மீன் கூடத்துக்கு வந்து ரகசியமாச் சொன்னா. படகு வேற துறைக்குப் போயிருச்சாம். பச்சப்பிள்ளைவ, யாரு பெத்ததுன்னு அப்ப யாருக்கும் தெரியாது. தேடுறத விட சட்டுன்னு ஒரு நல்ல வீட்டுல சேத்துட்டா அதுவ நல்லா ஒட்டிக்கிடும்னு சட்டமாம். மனசு கேக்கலன்னு அழுதா. நான் விண்டாலுக்குப் போனேன். பள்ளிக்கூட வாசல்ல நின்னு பாத்தேன்."

"பேசலயா?"

"என்ன பேச? அவனுக்கு என் பேச்சு தெரியாது. அவனக் கூப்பிட வந்தாளே, அவன வளக்குறவ, மண்டியிட்டு அவனுக்கு ஷூ நாடா கட்டிவிட்டா. அவன் அவ தலையில தாளம் போட்டுக்கிட்டு நின்னான்." தட்டைத் துண்டால் துடைத்தாள். "திரும்பி வார வழியில ரயில்ல உக்காந்து யோசிச்சேன். இவன் எனக்குக் கெடச்சா எனக்கு நெஞ்சு ஆறிரும். ஆறுனா பச்ச விழாது. ஒன் மாமா ஒரு ஊருக்கு, ஸ்டெனி ஒரு ஊருக்கு, நாம ஒரு ஊருக்கு. எவளாச்சும் செத்தா தூக்க நாலு ஆளு இருக்காது. எனக்கு நடிக்க வராதுட்டி. அந்தப் பட்டையும் ஏமாறாது."

"அதுக்காக? அதுக்காக ஆறு வருசமா... அவன் அங்க நிக்கைல அவன் பேரச் சொல்லி..."

"பாக்காமயும் இருக்க முடியல. அண்ணன்ட்ட சொல்லி வருசா வருசம் அந்த ஸ்கூலயே கூப்பிடச் சொன்னேன். ஏன்னு அண்ணன் கேக்கல. வருசத்துல ஒரு நாள் வளந்திருக்கானான்னு பாப்பேன். பேரச் சொல்லிக் கூப்பிடுவேன். அவன் சும்மா நிப்பான். பச்ச விழுந்திரும்."

டெல்பின் அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை வருஷமும் ஒரே படுக்கையில் ஒட்டிப் படுத்த உடம்பு. எதுவுமே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"இன்னைக்கு அவனுக்குத் தெரிஞ்சும் பதில் சொல்லல" என்றாள் விசேந்தி. துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள். "ஒங்கப்பன மாதிரி. அவரும் அப்படித்தான், வாயத் தொறக்கமாட்டாரு."

கதவை யாரோ தடதடவென்று தட்டினார்கள். திறப்பதற்குள் காஸ்பர் மாமாவே உள்ளே வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. துண்டு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்கியது.

"விசேந்தி! கேட்டியா சேதி? ரெண்டு பச்சட்டி! இந்த வருசம் ரெண்டு பச்ச! புதுவரவுத் துறையில இருந்து இப்பத்தான் சொன்னானுவ. வழக்கம் அடுத்த தலைமுறைக்கு எறங்கிருச்சாம். இனி ஒருத்தனும் நம்மள அசைக்க முடியாது. ஒன் மக இருக்கால்லா..." சொல்லிக்கொண்டே டெல்பினின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

மணிக்கட்டில் பட்டை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பச்சை. விசேந்தி அதைப் பார்த்தாள். எட்டி வந்து, அண்ணன் கையிலிருந்து மகள் கையை வாங்கி, பட்டையின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

காஸ்பர் மாமா எதையும் கவனிக்கவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஒரு விசயம் கேக்கணும்னு வந்தேன். எப்பப் பாத்தாலும் அந்த விண்டால் ஸ்கூலேதானா, வேற பிள்ளையளுக்கும் ஒரு சான்ஸ் குடுங்கன்னு கேக்கானுவ. அடுத்த வருசத்துக்கு வேற ஸ்கூல கூப்பிட்டுருவமா? என்ன சொல்லுத?"

விசேந்தி வாயைத் திறந்தாள். அதற்கு முன்னால் டெல்பினின் குரல் வந்தது.

"வேண்டாம் மாமா. அந்த ஸ்கூலயே கூப்பிடுங்க."